ஏழுமலையை இடுப்பில் கட்டி எடுத்த டிப்ஸ்

தொம்மலூரில் என் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் புதிதாக ஒரு ஜிம் வந்திருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காலையில் பால் வாங்கப் போகும்போது உள்ளே யார் எதைத் தூக்குகிறார்கள் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். போன மாதம் ஒரு நாள், இரண்டு கம்பிகளுக்கு நடுவே கைகளை ஊன்றிக்கொண்டு ஓர் இளைஞர் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார். இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் சங்கிலி, சங்கிலியில் வட்டமாக ஓர் இரும்புத் தட்டு. நான் பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன அங்கிள், அப்படிப் பாக்கறீங்க?"

"இதுக்கு என்னப்பா பேரு?"

"வெயிட்டட் டிப்ஸ் அங்கிள். நெஞ்சு, தோளு, கை பின்பக்கம், எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும். பத்து கிலோ கட்டியிருக்கேன்."

"நான் ஒரு ஆளைக் கட்டி எடுத்திருக்கேன்."

"ஆளையா?"

"ஏழுமலைன்னு ஒருத்தன். ஐம்பது கிலோ இருப்பான். அன்னைக்கு ஈரமா வேற இருந்தான்."

அவர் நாகரிகமான பிள்ளை. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பெயர் கார்த்திக், சேலத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இங்கே உள்ள தமிழ் நண்பர்கள் சேர்ந்து வருடம் ஒரு மலர் போடுகிறார்களாம், அதற்கு இவர்தான் கட்டுரை சேகரிக்கிறவர். "எழுதிக் குடுங்க அங்கிள், போடறோம்" என்றார். நம்பிச் சொன்னாரா, கிண்டலுக்குச் சொன்னாரா தெரியாது. நான் எழுதிவிட்டேன். நாலாம் வகுப்பு வரை படித்தவன் நான். எழுத்தில் தப்பு இருந்தால் கார்த்திக் திருத்தட்டும். விஷயத்தில் தப்பு இருக்காது.

நான் செய்த தொழில் சம்ப் கழுவுவது. பெங்களூரில் வீடு கட்டினால் தரைக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுவார்கள், அதுதான் சம்ப். காவேரித் தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளில் பிடித்து அதில் நிரப்பி வைத்துக்கொண்டு, மோட்டார் போட்டு மேலே ஏற்றுவார்கள். அதற்குள் இறங்கி, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்து, குடிக்கிற தண்ணீர் நிற்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. அல்சூர், ஜோகுபாளையம், தொம்மலூர் மூன்று இடத்திலும் நான் இறங்காத பழைய சம்ப்பைக் காட்டுகிறவருக்கு நான் விருந்து வைக்கிறேன். கூலிக்கு இறங்கியவன், கடைசியில் என் பெயர் போட்ட வேன் இரண்டு ஓடும் அளவுக்கு வந்தேன். இப்போது என் மருமகன் பார்த்துக்கொள்கிறார். குழாயில் பீய்ச்சி அடிக்கிற மெஷின், சேற்றை உறிஞ்சுகிற மெஷின் எல்லாம் வந்தாயிற்று. ஆட்கள் பாதி வேலையை வெளியே நின்றே முடிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நாங்கள் எப்படி வெளியே வந்தோம் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தேன். ஓட்டலில் மேசை துடைத்தேன், சுண்ணாம்பு அடித்தேன், மூட்டை தூக்கினேன். அதெல்லாம் எல்லோரும் செய்ததுதான், எழுத ஒன்றும் இல்லை. என் கதை சவரிமுத்து மேஸ்திரியிடம் சேர்ந்த நாளில் தொடங்குகிறது.

மேஸ்திரிக்கு ஜோகுபாளையத்தில் வீடு. குள்ளமான ஆள், எப்போதும் வெள்ளை பனியன், காக்கி அரைக்கால் சட்டை. பேச்சு குறைவு. சாதாரணமாக எங்களை "டேய்" என்பார், "தம்பி" என்பார். கோபம் வந்தால் மட்டும் "வாங்க சார், உக்காருங்க சார்" என்று மரியாதை ஏறிவிடும். அவர் வாயில் 'சார்' வந்தால் நாங்கள் நடுங்குவோம்.

அவருடைய வேலை முறையை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். முதலில் தண்ணீர் உள்ளே வருகிற வால்வை மூட வேண்டும். இருக்கிற தண்ணீரை மோட்டாரில் இறைத்து, முழங்காலுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். மூடியைத் திறந்து காற்றாட விட வேண்டும். டேபிள் ஃபேன் ஒன்றை வாயருகே வைத்து உள்ளே காற்றைத் தள்ளுவார். அவர் தலையாட்டாமல் ஒருவனும் காலை உள்ளே விடக் கூடாது. பிறகு ஒல்லியான இரும்பு ஏணி இறங்கும், ஆள் இறங்குவான். தென்னை நார்ப் பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, சேற்றை முறத்தால் வாரி வாளியில் அனுப்பி, கடைசியில் ஈரத் துணியால் தரையைத் துடைக்க வேண்டும்.

இந்தக் கடைசித் துடைப்பில்தான் இருக்கிறது எல்லாம். துடைக்கத் தொடங்கும் முன் ஏணியை வெளியே எடுத்துவிடுவார்கள். ஏணிக் கால் பட்ட இடம் அழுக்கு என்பார் மேஸ்திரி. உள்ளே ஒரே ஓர் ஆள். அவனுக்கு 'கடைசி ஆள்' என்றே பெயர். மூலையிலிருந்து பின்பக்கமாக நகர்ந்து துடைத்துக்கொண்டே வந்து, வாய்க்கு நேர் கீழே துணியைப் போட்டு அதன் மேல் ஏறி நிற்பான். தரையில் காலடி ஒன்றுகூட விழாது. இரண்டு உள்ளங்கையையும் வெளியே விளிம்பில் ஊன்றி, ஒரு எம்பு எம்பி, கையை நிமிர்த்தி, இடுப்பு வரை மேலே வருவான். வரும்போது கால் விரலால் அந்தத் துணியையும் கவ்விக்கொண்டு வர வேண்டும். துணி சம்ப்பில் தங்கினால் அது கழுவாத சம்ப். மறுபடி முதலிலிருந்து. இது அவருடைய சட்டம்.

புதிதாகச் சேர்ந்தபோது நான் கேட்டேன்: "மேஸ்திரி, மேல இருக்கறவங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டா ஆச்சு. எதுக்கு இவ்வளவு கஷ்டம்?"

"மேல யாரும் இல்லன்னு வெச்சுக்க."

"நீங்க இருப்பீங்களே."

"நான் டீ குடிக்கப் போயிருக்கேன்."

அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவர் வந்ததும், அவர் வீட்டுப் பின்பக்கம் எங்களுக்குப் பயிற்சி. தண்ணீர் நிரப்பிய இரண்டு பெரிய டிரம். நடுவே நின்று, இரண்டின் விளிம்பிலும் கை ஊன்றி, காலை மடக்கி, இறங்கி ஏற வேண்டும். கொஞ்ச நாளில் வெறும் உடம்பு பழகிவிடும். அப்போது பழைய பேப்பர் கடையிலிருந்து வாங்கிய எடைக்கல்லை எடுப்பார். பழைய காட்டன் புடவையை முறுக்கி இடுப்பில் கட்டி, கல்லைக் காலுக்கு நடுவே தொங்கவிடுவார். கயிறு கட்டவே மாட்டார், சதையை அறுத்துவிடும். கல் ஆடக் கூடாது. ஆடினால் இறங்கச் சொல்லிவிடுவார். முழங்கை பின்பக்கம் போக வேண்டும், பறவை சிறகு மாதிரி விரியக் கூடாது. தோள் காதுக்கு ஏறக் கூடாது. முழங்கை அளவுக்குத் தோள் இறங்கியதும் நிறுத்தி, மேலே வந்து ஒரு மூச்சு நிற்க வேண்டும்.

"காலையில உன் உடம்பு பஞ்சு. நாள் முழுக்கத் தேச்ச அப்புறம் அதே உடம்பு கல்லு. அந்தக் கல்லை இப்பவே தூக்கிப் பழகு" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பார்ப்பார். நன்றாகச் செய்தால் 'சபாஷ்' கிடையாது. அடுத்த எடைக்கல்லைக் கால் கட்டைவிரலால் என் பக்கம் தள்ளுவார். அவ்வளவுதான். அந்தக் கல் சிமெண்டுத் தரையில் உரசி வருகிற சத்தத்துக்காக நான் உயிரைக் கொடுப்பேன்.

கற்கள் ஏறிக்கொண்டே போயின. ஐந்து கிலோவில் தொடங்கியவன் இரண்டு இருபது கிலோ கல்லைச் சேர்த்துக் கட்டும் இடத்துக்கு வந்தேன். மேஸ்திரியிடம் தள்ளுவதற்குக் கல் தீர்ந்துபோனது. என் மார்பு இரண்டு பக்கமும் பலகை மாதிரி ஆயிற்று. சட்டை தைக்கிற பாய் அளவு எடுத்துவிட்டு டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோவில் தெருவில் நான் நடந்தால் எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். பொய் சொல்லவில்லை, அந்த வயதில் அல்சூரில் என் மாதிரி தோள் இன்னொருவனுக்கு இல்லை.

எங்கள் கூட்டத்தில் இன்னொருவன் ஏழுமலை. போளூர்ப் பக்கம். நான் சேர்ந்த அதே மாதம் சேர்ந்தவன். முருங்கைக்காய் மாதிரி இருப்பான். ஞாயிற்றுக்கிழமை அவன் டிரம் பக்கமே வர மாட்டான், காலைக் காட்சிக்குப் போய்விடுவான். கேட்டால், "என் உடம்பை நான் தூக்கினா போதாதா? எடைக்கல்லு சம்ப்புல குளிக்குமா?" என்பான்.

கடைசி ஆள் இடம் எனக்குத்தான் என்று நான் முடிவே கட்டியிருந்தேன். பலத்தில் எனக்குக் கிட்டே யாரும் இல்லை. ஆனால் பலம் வேறு விதத்தில் வேலையைக் கெடுக்கும் என்று யார் நினைத்தார்கள்?

ஜோகுபாளையத்தில் ஒரு பழைய வீடு. ரிட்டயர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா தனியாக இருந்தார். பழைய காலத்து சம்ப் வாய் சின்னது, வாளி போய்வந்தால் போதும் என்று கட்டியது. ஒரு கையை மேலே தூக்கி, உடம்பைக் கோணலாக்கி இறங்கிவிட்டேன். கழுவினேன், துடைத்தேன், துணி மேல் நின்றேன், எம்பினேன். இரண்டு கையும் வெளியே, மார்பு பாதி வெளியே, பாதி உள்ளே. அதற்கு மேல் நகரவில்லை. கையில் பலம் இருக்கிறது, போக வழி இல்லை.

ஏழுமலை என் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "என்னாடா, வீட்டம்மா உன்னைப் பூத்தொட்டியா வெச்சுக்கப் போறாங்களா?"

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா தேங்காய் எண்ணெயோடு வந்தார். "பிரீத் அவுட், மேன். மூச்சை விடு. முழுசா விடு" என்று பள்ளிக்கூடத்தில் அதட்டுகிற மாதிரி அதட்டினார். விட்டேன். எண்ணெயில் வழுக்கி வெளியே வந்தேன். அன்றிலிருந்து ஏழுமலை எனக்கு வைத்த பெயர் 'பீப்பா'. மேஸ்திரியும் ஒரு ஏற்பாடு செய்துவிட்டார். பெரிய வாய் என்றால் நான் கடைசி ஆள். சின்ன வாய் என்றால் ஏழுமலை. அந்தக் காலத்து அல்சூரில் சின்ன வாய்தான் அதிகம். என் நெஞ்சை நான் வளர்த்தேன், அவனுக்குப் பதவி வந்தது. எனக்கு வயிறு எரிந்ததா என்றால், எரிந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு பழைய பங்களாவைப் பிரசவ ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். சின்ன இடம். ஒரு டாக்டரம்மா, கொஞ்சம் நர்ஸ்கள், ஆயா ஒருவர். பிரசவத்துக்குப் பெண்கள் படுத்திருந்தார்கள். சம்ப்பை இறைத்துவிட்டால் அங்கே இருந்தது சில டிரம் தண்ணீர்தான். அன்று சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும், அதை விட்டால் அடுத்த முறை ஒருநாள் கழித்துத்தான். டாக்டரம்மா மேஸ்திரியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சாயந்திரத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடணும். ரெண்டு பேருக்கு இன்னைக்கு ராத்திரியே ஆகிடும் போல இருக்கு. தண்ணி இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

"முடிச்சுருவோம்மா" என்றார் மேஸ்திரி.

சம்ப் இருந்தது மாடிப்படிக்குக் கீழே. வாய் சின்னது. மேலே படியின் அடிப்பக்கம் தலையில் இடிக்கும், நிமிர்ந்து நிற்க முடியாது, குந்தித்தான் உட்கார வேண்டும். ஆழம் அதிகம் இல்லை. உள்ளே நின்றால் விளிம்பு ஏழுமலையின் கழுத்துக்கு வரும். காலையிலிருந்து அவன் உள்ளே, நான் வெளியே வாளி இழுத்தேன். மத்தியானம் தாண்டிக் கடைசித் துடைப்பு ஆரம்பித்ததும், மேஸ்திரி ஏணியை எடுக்கச் சொன்னார். ஏணி, ஃபேன், வாளி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி, மற்ற இரண்டு பேரோடு தொம்மலூரில் அடுத்த வேலைக்கு அனுப்பினார். அவர் எப்போதும் செய்கிறதுதான். ஆஸ்பத்திரியில் மிச்சம் மேஸ்திரி, நான், உள்ளே ஏழுமலை.

துடைத்து முடித்தான். துணி மேல் நின்றான். கையை ஊன்றினான், எம்பினான். பாதி வந்தவன் "அம்மா" என்று ஒரு சத்தம் போட்டுக் கீழே இறங்கிவிட்டான். முகம் வெளுத்துப்போனது. இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கை செத்த மாதிரி தொங்கியது.

"எறங்கிடுச்சு மேஸ்திரி. தோளு எறங்கிடுச்சு."

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "கையை ஆட்டாத. வயித்தோட சேத்துப் பிடிச்சுக்க."

ஆயா ஓடிப் போய் ஒரு ஏணி கொண்டுவந்தார். வெள்ளை அடிக்கிறவர்கள் விட்டுப்போன மூங்கில் ஏணி. அதை உள்ளே விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும், ஏழுமலை வர இடம் இருக்காது. சரி, நல்ல கையைப் பிடித்து இழுக்கலாம் என்று நான் பிடித்தேன். குனிந்த முதுகோடு பக்கவாட்டில்தான் இழுக்க முடிந்தது. அவன் உடம்பு விளிம்பில் உரச, இடது தோள் இடிக்க, அவன் போட்ட சத்தத்தில் மேலே ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. விட்டுவிட்டேன். நேராக மேலே தூக்கினால்தான் உண்டு. நின்று தூக்கத் தலைக்கு மேல் இடம் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் தண்ணீர் விடுகிற ஆளின் சைக்கிள் மணி. "நீரு பிட்டாய்த்து, நீரு பிட்டாய்த்து" என்று கத்திக்கொண்டு போனான். தண்ணீர் விட்டாயிற்றாம். சாயங்காலம் விட வேண்டியவன் அன்றைக்கென்று முன்னாலேயே விட்டுவிட்டான்.

வால்வை மூடித்தான் வைத்திருந்தோம். ஆனால் அது தேய்ந்துபோன வால்வு, முழுக்க அடைக்காது என்று காலையிலேயே தெரியும். குழாய் முதலில் காற்றைக் கக்கும், இருமும், பிறகு தண்ணீர் வரும். உள்ளே ஏழுமலையின் காதருகே குழாய் இருமியது.

"மேஸ்திரி, தண்ணி வருது."

"வரட்டும், மிதந்து மேல வந்துடுவ" என்றேன் நான்.

"பீப்பா, கை நல்லா இருந்தா உன் வாயிலயே போடுவேன்."

மேஸ்திரி சிரிக்கவில்லை. "ஆள் நிக்கற தண்ணிய பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்க முடியாது. ஒரு சொட்டு விழுந்தாலும் இறைச்சுத் திரும்பத் துடைக்கணும். அதுக்குள்ள குழாயும் நின்னுடும்" என்றார். அவர் டாக்டரம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அது எனக்குத் தெரியும், ஏழுமலைக்கும் தெரியும்.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. எனக்குத்தான் தோன்றியது, வேறு யாருக்கும் இல்லை. பின்பக்கம் மதில் கட்ட சிமெண்ட் பிளாக் அடுக்கி வைத்திருந்தார்கள். ஓடிப் போய் நாலு பிளாக் கொண்டுவந்தேன். வாயின் இந்தப் பக்கம் ஒன்றின் மேல் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றின் மேல் ஒன்று. ஆயாவிடம் நீளமான கட்டில் விரிப்பு கேட்டேன்.

"எதுக்குப்பா?" என்றார் ஆயா.

"இவனைப் பெத்தெடுக்கணும்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார், பிளாக்கைப் பார்த்தார். விரிப்பை முறுக்கி ஏழுமலையிடம் நீட்டினார். அவன் நல்ல கையால் அதைத் தொடைகளுக்குக் கீழே கொடுத்துத் தொட்டில் மாதிரி வாங்கினான். இரண்டு முனையையும் மேஸ்திரி என் இடுப்பில் முன்பக்கமாக முடிச்சுப் போட்டார். அவரே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நான் காலை முன்னால் நீட்டி வாயின் இரண்டு பக்கமும் அகட்டி வைத்துக்கொண்டு, பிளாக் மேல் கை ஊன்றினேன். ஏழுமலையின் தலை என் இரண்டு முட்டிக்கு நடுவே. அவன் முகம் என் முகத்துக்கு எதிரே. நல்ல கையால் என் பனியனைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான்.

"டேய், விட்டுட மாட்ட இல்ல?"

"பேசாத. பேசினா கனக்குது."

"பனியன் கிழிஞ்சா?"

"புதுசு வாங்கிக் குடு."

தோளைக் கீழே இறக்கிப் பிடித்தேன். முழங்கையைப் பின்னால் விட்டேன். மூச்சை உள்ளே இழுத்து நெஞ்சில் கட்டி, தள்ளினேன். முதலில் ஒன்றுமே அசையவில்லை. விரிப்பு மட்டும் கிர்ரென்று இறுகியது. பிறகு பிளாக் கீழே போகிற மாதிரி இருந்தது. பிளாக் போகவில்லை, நான்தான் மேலே போய்க்கொண்டிருந்தேன். ஏழுமலையின் கழுத்து வந்தது, மார்பு வந்தது, வயிறு வந்தது. என் உச்சந்தலை படியின் அடியில் தொட்டது. கை நிமிர்ந்துவிட்டது. ஆயா கன்னடத்தில் சாமி பெயரைச் சொன்னார்.

மேஸ்திரி ஏழுமலையைப் பக்கவாட்டில் இழுக்கக் கையை நீட்டினார். நீட்டியவர் நிறுத்திவிட்டார். குனிந்து அவன் காலைப் பார்த்தார்.

"துணி எங்க?"

ஏழுமலை என் பனியனை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"துணி எங்கன்னு கேட்டேன்."

"கீழ மேஸ்திரி. வலியில விரலு விட்டுடுச்சு."

"போய் எடுத்துட்டு வாங்க சார்."

'சார்' வந்துவிட்டது. ஏழுமலை அழாத குறை. "மேஸ்திரி, கையி இப்படி இருக்குது..."

"கால் விரலால எடுக்கறதுக்குக் கை எதுக்கு சார்?"

குழாய் மறுபடி இருமியது, இந்த முறை நீளமாக. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "ரெண்டு பேரும் பேசி முடிச்சுச் சொல்லுங்க. நான் இங்கதான் நின்னுட்டிருக்கேன்."

"எறக்கு தம்பி" என்றார் மேஸ்திரி. 'தம்பி' எனக்கு.

டிப்ஸ் எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஏறுவது கஷ்டம் என்று நினைப்பார்கள். எடையோடு மெதுவாக இறங்குவதுதான் கஷ்டம். பொத்தென்று விட்டால் அவன் தோளும் போகும், என் தோளும் போகும். விரல் விரலாக இறங்கினேன். ஏழுமலையின் முகம் என் முகத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு கீழே கீழே போனது.

"தொட்டுச்சா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம். இரு, இரு, ஆட்டாத. சோத்துக்கால் பக்கம் கெடக்குது. ம், கட்டைவிரலு மாட்டுது. வழுக்கிடுச்சு."

"ஏழுமலை, இனிமே நீ சினிமாவுக்குப் போனா உன்னை நான் கொல்லுவேன்."

"போவ மாட்டேன்டா. இரு. மாட்டிக்கிச்சு. தூக்கு."

இரண்டாவது முறை தள்ளினேன். பாதி வரை வந்தது. பாதியில் நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. கண்ணில் வியர்வை. என் மூக்குக்கு நேரே ஏழுமலையின் மூக்கு. அவன் வேறு என்ன செய்வான் பாவம், என் முகத்தில் ஊதினான், பச்சைக் குழந்தைக்கு ஊதுகிற மாதிரி. அதில் பீடி நாற்றம். அந்த நாற்றத்திலிருந்து தப்பிக்கவே மேலே போனேன் என்று பிறகு பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். நிஜம் அது இல்லை. என் தோள் காதுக்கு ஏறப் பார்த்தது, அதைக் கீழே அழுத்தினேன். முழங்கை விரியப் பார்த்தது, உள்ளே சேர்த்தேன். சேர்த்த மறுகணம் கை தானாக நிமிர்ந்தது. அவ்வளவு ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஒரு கணத்துக்குத்தான்.

மேஸ்திரி ஒரு கையால் ஏழுமலையைப் பக்கவாட்டில் இழுத்துத் தரையில் போட்டார். இன்னொரு கையை அவன் காலுக்குக் கீழே ஏந்தியிருந்தார், துணியிலிருந்து சொட்டு சம்ப்பில் விழாமல். துணியை வாங்கி ஆயாவின் வாளியில் போட்டார். மூடியை இழுத்து மூடினார். மூடிய கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெறும் தொட்டியில் முதல் தண்ணீர் விழுவது கோவில் மேளம் மாதிரி இருக்கும். மேஸ்திரி போய் வால்வை முழுக்கத் திறந்துவிட்டார். நான் அப்படியே சாய்ந்து கிடந்தேன். இடுப்பில் விரிப்பை அவிழ்க்கக்கூட விரல் மடங்கவில்லை.

டாக்டரம்மா வந்து பார்த்தார். எலும்பு டாக்டரை வரவழைத்துத் தோளை உள்ளே தள்ளிக் கட்டுப் போட்டார்கள். கொஞ்ச நேரம் அசையாமல் படுக்க வேண்டும் என்றார்கள். படுக்க வைக்க அங்கே வேறு என்ன இடம் இருக்கிறது? பிரசவ வார்டின் ஓரக் கட்டிலில், ஒரு திரையை இழுத்துவிட்டு, ஏழுமலையைப் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்த ஒரு பெரியவர், திரை விலகியிருந்த இடைவெளியில் மீசையோடு ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு, வார்டு தவறி வந்துவிட்டோமோ என்று வாசல் வரை போய்ப் பலகையைப் படித்துவிட்டு வந்தார்.

"ஆணா பொண்ணா?" என்றேன் ஏழுமலையிடம்.

"வலிக்குது, சிரிக்க வெக்காதடா."

நர்ஸ் ஒருவர் அவனுக்கு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்தார். புதுத் தண்ணீர். ஏழுமலை நல்ல கையால் டம்ளரை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். தூசி ஏதும் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு குடித்தான்.

நர்ஸுக்கு ஆச்சரியம். "என்ன அப்படிப் பாக்கறீங்க? இன்னைக்குத்தான் கழுவினாங்களாம். யாரு கழுவினது, நீங்களா, இவரா?"

ஏழுமலை என்னைப் பார்த்தான். வாய் திறந்தால் என் பெயரைத்தான் சொல்லப் போகிறான் என்று தெரிந்துவிட்டது. அவன் முகத்தில் அப்படி ஒரு நன்றியை அதுவரை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. நான் முந்திக்கொண்டேன்.

"இவன்தான் சிஸ்டர், கடைசி ஆள். நான் சும்மா வெளிய உக்காந்திருந்தேன்."

என் வாழ்க்கையில் எனக்குச் சேர வேண்டிய பெருமையை நானாக எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான். ஏழுமலைக்கு அன்று அது தேவையாக இருந்தது. இப்போது அவன் போளூரில் பேரன் பேத்தியோடு நன்றாக இருக்கிறான், தோளும் நன்றாக இருக்கிறது. ஆகையால் அதை நான் இந்த மலர் மூலமாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.